மலையக ரோட்டுக்கு எத்தன மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் வேணும்?

பண்டாரவளப் பக்கம் சைக்கிள் ரிப்பேர் வேலதான் எனக்கு. மவுன்டன் பைக் வாங்க வர்ற தம்பிமார் இப்ப முதல்ல கேக்குறதே "அண்ணே, 160 போர்க் இருக்கா"ன்னுதான். போர்க்னா முன் வீலப் பிடிச்சிருக்குற ரெண்டு கால், முன் சஸ்பென்ஷன் அதுக்குள்ளதான் இருக்கும். எங்க ஓட்டப் போறீங்கன்னு கேட்டா, தோட்டத்து ரோட்டு, ஞாயித்துக்கிழமன்னா தம்பேத்தன்ன ஃபெக்டரி தாண்டி லிப்டன் சீட் வரைக்கும், அவ்வளவுதான். அதுக்கு 160 வேணவே வேணாம்.

இந்த நம்பர் வேற ஒண்ணுமில்ல, வீல் எவ்வளவு தூரம் மேல எழும்பி அடிய வாங்கிக்கும்ங்கிற அளவு. வேகமா ஏறி ஓட்டுற க்ரொஸ் கன்ட்ரி பைக்குக்கு 100லருந்து 120 மில்லிமீட்டர், ஏத்தம் எறக்கம் ரெண்டுக்கும் பொதுவான ட்ரெய்ல் பைக்குக்கு 130லருந்து 150, கரடான எறக்கத்துக்குன்னு செஞ்ச என்டியூரோன்னா 150லருந்து 170, எறக்கம் மட்டுமே ஓட்டுற டவுன்ஹில் பைக்குக்கு 200 பக்கம். கூடக்கூட பைக்கும் பாரமாகும், மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் மேலயும் கீழயும் ஆடும், நீங்க போடுற சக்தில ஒரு பங்கு அதுலயே போயிரும். நம்ம பக்கம் ஏறுற நேரம்தான் ரொம்ப கூட, எறக்கம் சட்டுனு முடிஞ்சிரும், அப்ப எதுக்கு பைக் எடுக்கணும்னு நீங்களே யோசிங்க.

என்னக் கேட்டா கல்லுப் போட்ட தோட்டத்து ரோட்டுக்கும் லயத்துப் பாதைக்கும் 100லருந்து 120 வரைக்கும் உள்ள நல்ல ஹார்ட்டெய்ல், அதாவது முன்னால மட்டும் சஸ்பென்ஷன் உள்ள பைக், போதும். தேயில மலைக்குள்ள ஒத்தையடிப் பாதைல, படிக்கட்டுல, கான் தாண்டி எறங்குறவங்க 130, 140ல முன்னாலயும் பின்னாலயும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் எடுக்கலாம். ஆனா வெலகொறஞ்ச ஃபுல் சஸ்பென்ஷன் வேணாம், பின்னால வெறும் ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கும், அடி வாங்கி திரும்பி வர்ற வேகத்த அடக்க உள்ள ஒண்ணுமே இருக்காது, எறக்கத்துல ஒங்களத் தூக்கித் தூக்கிப் போடும். அதே காசுக்கு நல்ல ஹார்ட்டெய்ல் கெடைக்கும்.

நான் ரொம்ப பயப்படுற விஷயம் ஒண்ணு இருக்கு. 100க்கு செஞ்ச ஃபிரேம்ல செகன்ட் ஹேன்ட் 150 போர்க்க மாட்டுறது. தயவுசெஞ்சு செய்யாதீங்க. 20 மில்லிமீட்டர் கூடுனா முன்பக்கம் ஏறக்கொறைய ஒரு பாகை சாயும், 50 கூடுனா ஏத்தத்துல ஹேன்டில் அங்கயும் இங்கயும் அலையும், முன் வீல் தூக்கும். அதவிட மோசம், நீண்ட போர்க் நெம்புகோல் மாதிரி ஹெட் டியூப்ப, அதான் ஃபிரேம்ல போர்க் நுழையுற குழாய, நெம்பும், வெல்டிங் பக்கத்துல வெடிப்பு விழும், வெளிய தெரியுறதுக்குள்ள எறக்கத்துல முறிஞ்சா மூஞ்சி பல்லு போயிரும். ஃபிரேம் கம்பெனி எத்தன வரைக்கும் மாட்டலாம்னு போட்டிருக்கும், அதுக்கு மேல போகாதீங்க.

இருக்குற சஸ்பென்ஷனையே பாதிப்பேர் சரியா பாவிக்கிறதில்ல. உள்ள ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து அடைச்ச போர்க்னா, அதுக்கு காத்தடிக்கிற ஷொக் பம்ப் ஒண்ணு வாங்கிக்குங்க. பேக், தண்ணிப் போத்தல் எல்லாத்தோடயும் பைக்ல ஏறி நில்லுங்க, போர்க் எவ்வளவு எறங்குதுன்னு போர்க்கோட வழவழப்பான மேல் பைப்புல இருக்குற ரப்பர் வளையம் காட்டும். 120 போர்க்ல 24லருந்து 30 மில்லிமீட்டர் எறங்கணும், அதாவது 20லருந்து 25 வீதம். கொறஞ்சா காத்த எறக்குங்க, கூடுனா ஏத்துங்க. அப்புறம் நீங்க ஓட்டுற ஆகக் கரடான பாதைல போயிட்டு வந்து அந்த வளையத்தப் பாருங்க, எப்பவும் 30, 40 மிச்சம் இருந்தா ஒண்ணு காத்து கூட, இல்லாட்டி அவ்வளவு சஸ்பென்ஷன் ஒங்களுக்கு தேவப்படல. 160 கேட்டு வாங்குன பல பைக்குல நான் பாக்குறது இதுதான்.

மழயும் சேறும் வேற. ஹட்டன், நுவரெலியா பக்கம் மே மாசத்துலருந்து செப்டெம்பர் வரைக்கும் நல்ல மழ, ஊவாவுல அக்டோபர் தாண்டித்தான் பிடிக்கும். சேத்துல ஓட்டிட்டு வந்தா பைப்ப ஈரத் துணியால தொடைங்க, ஹை பிரஷர் தண்ணிய சீல் மேல, அதான் பைப்பச் சுத்தி ஒயில் கசியாம பிடிக்கிற ரப்பர் மேல, அடிக்காதீங்க, மண் உள்ள போயிரும். போர்க்கோட கீழ்க் கால்ல ஒயில் மாத்துறது பல போர்க்குக்கு 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருக்கா, மழக் காலத்துல இன்னும் முந்தியே.

செகன்ட் ஹேன்ட் பாக்கப் போனா போர்க் பைப் மேல நகத்த வச்சு மேலருந்து கீழ இழுத்துப் பாருங்க. சீல் ஓடுற எடத்துல நகம் எங்கயாவது சிக்குனா அத விட்ருங்க, சீல் எத்தன தடவ மாத்துனாலும் ஒயில் கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.