இது எந்தப் பாதி, தம்பி?

கார்னர் கிக்கில் வந்த பந்தைத் தலையால் முட்டிக் கோல் அடித்தான் அந்தப் பதினான்கு வயதுப் பையன். சக வீரர்கள் அவன்மேல் விழுந்து கொண்டாடிவிட்டுத் தங்கள் பாதிக்குத் திரும்பினார்கள். அவன் மட்டும் திரும்பவில்லை. எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே இடுப்பில் கைவைத்தபடி, வீட்டு வாசலில் நிற்பவனைப் போல நின்றான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது: இடைவேளைக்கு முன் அவன் நின்று ஆடிய இடம் அது.

நடுவருக்குச் சைகை காட்டிவிட்டு உள்ளே போனேன்.

“இது எந்தப் பாதி, தம்பி?”

“முதல் பாதி, சார்.”

“கடைசியாகக் கோல் அடித்தது யார்?”

யோசித்தான். “இன்னும் யாரும் அடிக்கவில்லையே?”

அவன் அடித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் உயரப் பந்துக்கு இருவர் சேர்ந்து எழும்பியிருக்கிறார்கள். மற்றவனின் தலை இவனது காதோரத்தில் மோதியிருக்கிறது. விழுந்தான், உடனே எழுந்துவிட்டான். அந்தக் கணத்தில் நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே குனிந்து இன்னொரு பையனின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மைதானத்தில் இருந்த ஒரே மருத்துவன் நான், நானே பார்க்கவில்லை. பன்னிரண்டு நிமிடங்கள் அவன் அப்படியே ஓடியிருக்கிறான். வெளியே அழைத்துவந்தபோது பயிற்சியாளர் கேட்டார்: “நன்றாகத்தானே ஆடுகிறான், டாக்டர்? கோல்கூடப் போட்டானே!”

அவர் சொன்னதில் பொய் இல்லை. பழகிய கால்கள் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன், ஏமாற்றுவதே இப்படித்தான்.

மண்டையோட்டுக்குள் மூளை திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று வெட்டித் திரும்பும்போது மூளை அதே வேகத்தில் திரும்புவதில்லை. உள்ளுக்குள் முறுக்குகிறது, நரம்பிழைகள் இழுபடுகின்றன, சற்று நேரத்துக்கோ சில நாள்களுக்கோ அதன் வேலை குழம்புகிறது. எலும்பு முறிந்திருக்காது, இரத்தம் கசிந்திருக்காது. பெரும்பாலானோர் மயங்கிக்கூட விழுவதில்லை. “ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்று பெற்றோர் நிம்மதியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சி.டி. ஸ்கேன் தேடுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். மூளை அதிர்ச்சி அதில் தெரியாது. முழங்கால் வீங்கினால் அணியே சுற்றி நின்று பதறுகிறது. தலை வீங்கிக் காட்டுவதில்லை என்பதால் அதற்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

நான் கேட்ட கேள்விகள் என் சொந்தச் சரக்கல்ல. மேடாக்ஸ் கேள்விகள் என்று விளையாட்டு மருத்துவத்தில் பெயர்: இது எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாகக் கோல் அடித்தது யார், போன ஆட்டத்தில் யாரோடு மோதினீர்கள், வென்றீர்களா. “உன் பெயர் என்ன, இன்று என்ன கிழமை” என்று விசாரிப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். அடிபட்டவனும் தன் பெயரைச் சரியாகவே சொல்லிவிடுவான். முதலில் நழுவுவது கடைசி அரை மணி நேரம்தான்.

2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இதை உலகமே பார்த்தது. பார்த்தது என்னவென்று அப்போது பலருக்குத் தெரியவில்லை. 17-வது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் கராயோடு மோதி விழுந்தார் ஜெர்மனியின் கிறிஸ்டோப் கிராமர். எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். பிறகு நடுவர் நிக்கோலா ரிஸோலியிடம் போய், இது இறுதிப் போட்டிதானா என்று கேட்டார். நடுவர் முதலில் விளையாட்டாகக் கேட்கிறார் என்றே நினைத்தார். பிறகு விஷயத்தை ஜெர்மனி வீரர் ஷ்வைன்ஸ்டைகரிடம் சொன்னார். 31-வது நிமிடத்தில்தான் கிராமர் வெளியே அழைக்கப்பட்டார். எத்தனையோ கேமராக்கள், இரு அணிகளின் மருத்துவர்கள், பக்கத்திலேயே நடுவர். இருந்தும் ஏறத்தாழ 14 நிமிடங்கள். என் பையனின் பன்னிரண்டு நிமிடங்களை நினைத்து நான் குன்றிப்போகும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். நல்ல தேறுதல் அல்ல என்பதும் தெரியும்.

அடிபட்டவன் ஏன் வெளியே வருவதில்லை? வீரம், அணிப்பற்று, பயிற்சியாளரின் பிடிவாதம் என்று காரணங்கள் சொல்வார்கள். இத்தனை ஆண்டுகள் எல்லைக்கோட்டருகே நின்ற பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. வெளியே வருவதை நட்டமாக்கி வைத்திருப்பது ஆட்டத்தின் விதிப்புத்தகம்தான்.

கால்பந்து தன் வரலாற்றின் பெரும்பகுதியை மாற்று வீரர் இல்லாமலேயே ஆடியிருக்கிறது. காயம்பட்டவர் வெளியேறினால் அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும், அவ்வளவுதான். 1956-இல், இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டியில் மான்செஸ்டர் சிட்டியின் கோல்கீப்பர் பெர்ட் டிரவுட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையில் ஆட்டம் முடியும்வரை கோலைக் காத்தார். முறிந்தது சில நாள்கள் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. அதை இன்றுவரை வீரக்கதையாகச் சொல்கிறோம். வேறு கோல்கீப்பரை இறக்க அன்றைக்கு விதியே இல்லை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் மாற்று வீரருக்கு 1965-இல்தான் இடம் கிடைத்தது. அதுவும் காயத்துக்கு மட்டும். உலகக் கோப்பையில் 1970-இல்.

இன்னும் பின்னால் போனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1863 அக்டோபரில் லண்டனின் ஃப்ரீமேசன்ஸ் விடுதியில் கூடித்தான் கால்பந்துச் சங்கம் உருவானது. அடுத்தடுத்த கூட்டங்களில் பெரிய சண்டையே எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதை அனுமதிப்பதா என்பதைப் பற்றித்தான். அதை எடுத்துவிட்டால் ஆட்டத்தின் துணிச்சலே போய்விடும் என்று வாதிட்ட பிளாக்ஹீத் கழகம், தோற்றதும் விலகிப் போனது. அதே கழகம் 1871-இல் ரக்பி சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒன்றாயிற்று. இன்றைக்கு உயர்மட்ட ரக்பியில் தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் வீரரைத் தற்காலிகமாக வெளியே அழைத்துச் சோதிக்கிறார்கள். அதுவரை வேறொருவர் அவர் இடத்தில் ஆடுகிறார். முரட்டு ஆட்டம் வேண்டும் என்று பிரிந்து போனவர்களின் வழிவந்த ஆட்டத்தில் மருத்துவருக்கு அவகாசம் இருக்கிறது. ரக்பிக்கும் தலைக்காயத் துயரங்கள் ஏராளம் உண்டு என்றாலும், இந்த ஒரு விதியைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன்.

கால்பந்தில் அந்த அவகாசம் இல்லை. விதிகளை மாற்றும் அதிகாரம் 1886-இல் அமைந்த பன்னாட்டுக் கால்பந்துச் சங்க வாரியத்திடம் இருக்கிறது. பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கும் தலா ஒரு வாக்கு, ஃபிஃபாவுக்கு நான்கு. எதையும் மாற்ற எட்டில் ஆறு வேண்டும். 2021-இல் மூளை அதிர்ச்சிக்கெனக் கூடுதல் மாற்று வீரரைச் சோதனை முறையில் அனுமதித்தார்கள். 2024 ஜூலை முதல் அது விதிப்புத்தகத்தில் இருக்கிறது. ஏற்பதும் விடுவதும் போட்டி நடத்துபவர்களின் விருப்பம். ஆனால் அது நிரந்தர மாற்று. வெளியே வந்தவர் திரும்ப முடியாது. தற்காலிக மாற்றைச் சோதித்துப் பார்க்கப் பிரீமியர் லீக் போன்றவை கேட்டும் வாரியம் இசையவில்லை. சந்தேகம் வந்ததுமே வெளியே எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்பது அவர்களின் வாதம். காகிதத்தில் அது சரி. மைதானத்தில் நடப்பது இது: நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பயிற்சியாளர் என்னைப் பார்க்கிறார், வீரர் “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்கிறார். மூளையைச் சோதிக்க அந்த ஒரு நிமிடம் போதாது. திரும்பி வரலாம் என்ற வழி இருந்தால் வெளியே வரத் தயங்க மாட்டார்கள் என்பதே என் கட்சி.

இதுவரை பேசியது ஒரே அடியைப் பற்றி. அடி என்றே கணக்கில் வராத அடிகள் வேறு.

இங்கிலாந்துக்காக ஆடியவரும் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனின் முன்கள வீரருமான ஜெஃப் ஆஸ்ல், தலையால் கோல் அடிப்பதில் பேர்போனவர். 2002-இல் 59 வயதில், மறதி நோய் முற்றி இறந்தார். மரண விசாரணை அதிகாரி, அது தொழிலால் வந்த நோய் என்று தீர்ப்பு எழுதினார். 2014-இல் அவரது மூளையை மறுபடி ஆராய்ந்த நரம்பு நோயியல் நிபுணர் வில்லி ஸ்டீவர்ட், குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் அதே சிதைவு அதில் இருப்பதைக் கண்டார். 1966-இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்தின் பதினொருவரில் ஐவருக்குப் பின்னாளில் மறதி நோய் வந்தது: ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நாபி ஸ்டைல்ஸ், சார்ல்டன் சகோதரர்கள் இருவரும்.

ஓர் அணியை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஸ்டீவர்ட் குழு ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரையும், அதே வயதும் வாழ்நிலையும் கொண்ட சுமார் 23,000 பேரையும் ஒப்பிட்டது. 2019-இல் வந்த முடிவு: நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது வீரர்களிடையே சுமார் மூன்றரை மடங்கு அதிகம். அதே ஆய்வில் இதயநோய், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றால் இறந்தவர்கள் வீரர்களில் குறைவு. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2021-இல் ஆட்ட இடம் வாரியாகப் பார்த்தபோது, கோல்கீப்பர்களுக்கு ஆபத்து குறிப்பிடும்படி கூடவில்லை. தடுப்பாட்டக்காரர்களுக்கு ஐந்து மடங்கு. ஒரே சம்பளப் பட்டியல், ஒரே உடைமாற்றும் அறை. வேறுபாடு, ஒருவர் பந்தைக் கையால் பிடிக்கிறார், மற்றவர் தலையால் முட்டுகிறார். இது நிரூபணம் ஆகாது. ஆனால் என் பிள்ளையைத் தடுப்பாட்டத்தில் நிறுத்தும் முன் இரண்டு முறை யோசிக்க எனக்கு இது போதும்.

“அது மழையில் ஊறிக் கனத்த தோல் பந்தின் காலம்” என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. ஊறாத பழைய பந்தும் இன்றைய பந்தும் எடையில் ஏறத்தாழ ஒன்றுதான். இன்று 410 முதல் 450 கிராம். இப்போதைய பந்து நீரைக் குடிப்பதில்லை, ஆனால் அதிக வேகமாக வருகிறது.

அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் பத்து வயது வரை உள்ளவர்கள் தலையால் முட்டுவதை நிறுத்தப்போவதாக 2015-இல் அறிவித்தது. 2020-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்கள் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியில் அதைக் கைவிடச் சொன்னன. இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்களுக்கே 2021 முதல் பயிற்சியில் வாரத்துக்குப் பத்து பலத்த முட்டல்கள் மட்டுமே பரிந்துரைக்கப்படுகின்றன. ஒரே பயிற்சியில் ஒரு சிறுவனுக்கு முப்பது பந்துகளைத் தூக்கிப் போட்டு முட்டவைக்கும் பயிற்சியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்டவர்கள் அல்லர், தாங்கள் பழகியபடி பழக்குகிறார்கள்.

பெண்களைப் பற்றி ஒன்று. 1921 டிசம்பரில் இங்கிலாந்துச் சங்கம், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லித் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. அதற்கு ஓராண்டு முன்புதான் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆட்டத்தைக் காண 50,000 பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நீடித்தது. மருத்துவர்களும் அதற்கு ஒத்து ஊதினார்கள். இன்று கால்பந்தில் சிறுவர்களைவிடச் சிறுமிகளுக்கு மூளை அதிர்ச்சி அதிகம் ஏற்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கழுத்துத் தசை வலிமை ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னதும் “அப்படியானால் பெண் பிள்ளை ஆட வேண்டாம்” என்று ஒரு தந்தை எழுந்தார். என் தொழில்காரர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த தவற்றை மறுபடி செய்ய நான் தயாரில்லை. கழுத்துக்குப் பயிற்சி கொடுங்கள், வயதுக்கேற்ற சிறிய பந்தைக் கொடுங்கள், அடிபட்டால் வெளியே எடுங்கள், ஆடட்டும்.

வெளியே எடுத்தபின் என்ன? அன்றைக்கு அவன் மறுபடி இறங்கக் கூடாது. பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டாலும்தான். பட்ட காலிலே படும் என்பார்கள். தேறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக, அதிலும் இளம் வயதினருக்கு, மூளை வேகமாக வீங்கி உயிரே போகக்கூடும். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, இரட்டைப் பார்வை, கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல், எழுப்ப முடியாத தூக்கம், வழக்கத்துக்கு மாறான ஆவேசம்: இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தனியாக விடாதீர்கள். நீங்களாக ஆஸ்பிரினோ இபுபுரூஃபெனோ கொடுக்காதீர்கள். இரவெல்லாம் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை; மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவன் தூங்கட்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பதும் இப்போது இல்லை. ஒன்றிரண்டு நாள் ஓய்வு, கைப்பேசித் திரையைக் குறைப்பது, பிறகு நடை, பிறகு பள்ளி, அதன் பின் பந்தில்லாத ஓட்டம், கடைசியாக மோதல் உள்ள ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி கூடினால் ஒரு படி கீழே. செக் நாட்டு கோல்கீப்பர் பெட்ர் செக் 2006-இல் மண்டையோடு முறிந்த பிறகு அணிந்த கவசத்தைப் பார்த்துவிட்டு, அதையே வாங்கித் தரலாமா என்று கேட்பார்கள். அது எலும்பைக் காக்க உதவும். உள்ளே மூளை முறுக்குவதைத் தடுக்கும் என்று நம்பி மகனை இறக்காதீர்கள்.

அந்தப் பையன் நான்கு வாரம் கழித்து, எல்லாப் படிகளையும் தாண்டி, என்னிடம் வந்தான். தலைவலி இல்லை, படிப்பில் கவனம் திரும்பிவிட்டது. அந்தப் பன்னிரண்டு நிமிடங்கள் மட்டும் திரும்பவில்லை. அவன் அம்மா கைப்பேசியில் பிடித்து வைத்திருந்த அந்தக் கோலைக் காட்டினார். மூன்று முறை ஓட்டிப் பார்த்தான்.

“நன்றாக எழும்புகிறான், இல்லையா சார்?” என்றான்.