தர்மசங்கடம்: குழப்பமா, நெருக்கடியா?

கோலாலம்பூரில் இதிகாசச் சொற்பொழிவுகளுக்குப் பஞ்சமே இல்லை. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் ஏதாவது ஒரு கோயில் மண்டபத்தில் மகாபாரதமோ இராமாயணமோ ஓடிக்கொண்டிருக்கும். இப்போதெல்லாம் பேச்சாளர் பேசப் பேச, பக்கத்துத் திரையில் குறிப்புகளும் ஓடுகின்றன. அந்தத் திரைகளில் கொஞ்ச காலமாக ஒரு சொல் கண்ணை உறுத்துகிறது: 'அறக்குழப்பம்'. அர்ச்சுனனின் அறக்குழப்பம், தருமரின் அறக்குழப்பம், வீடணனின் அறக்குழப்பம். தர்மசங்கடத்துக்குத் தூய தமிழாம். நன்னெறிக் கல்விப் பயிற்சித்தாள் ஒன்றிலும் அதே சொல் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தூய தமிழோடு எனக்குச் சண்டை கிடையாது. மகிழுந்து என்று கூசாமல் எழுதுகிறவன்தான் நான். ஆனால் தமிழாக்குகிறவர் முதலில் மூலச்சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

பிரிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. தர்மம், 'தாங்கு' என்று பொருள்படும் 'த்ரு' என்ற வடமொழி வேரில் பிறந்தது. உலகைத் தாங்கி நிறுத்துவது தர்மம். சங்கடம் என்றால் ஒடுங்கிய, இறுகிய இடம். அதிலிருந்து இடர், தொல்லை. (மலாய்க்காரர்கள் இதே தர்மத்தை 'டெர்மா' ஆக்கி, நன்கொடை என்ற பொருளில் வைத்துக்கொண்டார்கள். நாமும் 'தர்மம் பண்ணுங்க சாமி' என்று அதே இடத்துக்குத்தான் இழுத்து வந்திருக்கிறோம்.) ஆக, தர்மம் ஒருவனை இறுக்கிப் பிடிக்கும் ஒடுக்கமான இடம்தான் தர்மசங்கடம். இதில் குழப்பம் எங்கே வந்தது?

இந்தச் சொல் தேய்ந்து கிடப்பது உண்மைதான். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் பெயர் மறந்துபோன மாமா எதிரே வந்து நின்றால் 'தர்மசங்கடமாகப் போய்விட்டது' என்கிறோம். அது வெறும் சங்கடம். இன்னும் சரியாகச் சொன்னால் கூச்சம். அதில் தர்மத்துக்கு ஒரு வேலையும் இல்லை. வானொலி அறிவிப்பாளர்களும் நாடக வசனக்காரர்களும் சேர்ந்து செய்த கைங்கரியம் இது. ஆனால் பேச்சுவழக்கில் தேய்ந்த சொல்லை யாரும் நிமிர்த்த முடியாது, விட்டுவிடலாம். இதிகாசத்தை விளக்க வருகிறவர் தவறான சொல்லைக் கொடுத்தால் கதையே தவறாகிவிடுகிறது என்பதுதான் என் புகார்.

கர்ண பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போரின் பதினேழாம் நாள். கர்ணனிடம் அடிபட்டுப் பாசறைக்குத் திரும்பிய தருமரைப் பார்க்க அர்ச்சுனனும் கண்ணனும் வருகிறார்கள். கர்ணனைக் கொன்றுவிட்டுத்தான் வருகிறார்கள் என்று நினைத்துத் தருமர் மகிழ்கிறார். இல்லை என்று தெரிந்ததும் ஆத்திரம் பொங்கி, 'உன் காண்டீவத்தை வேறு யாரிடமாவது கொடு' என்று தம்பியைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். அர்ச்சுனன் வாளை உருவுகிறான். வில்லை இன்னொருவனுக்குக் கொடு என்று எவன் சொன்னாலும் அவன் தலையை எடுப்பேன் என்பது அவன் மனத்துக்குள் வைத்திருந்த சபதம். சொன்னவரோ தந்தைக்கு ஒப்பான அண்ணன்.

இங்கே அர்ச்சுனனுக்குக் குழப்பம் இருந்ததா? துளியும் கிடையாது. கை வாளுக்குப் போய்விட்டதே. சபதம் காப்பது அறம் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரியும். அண்ணனைக் கொல்வது பாவம் என்பதும் தெரியும். இரண்டும் தெளிவாகத் தெரிந்ததால்தான் அவன் மாட்டிக்கொண்டான். கண்ணன் கௌசிகன் கதையைச் சொல்கிறான். உண்மையே பேசுவேன் என்ற விரதத்தில் நின்று, ஒளிந்திருந்தவர்களின் இடத்தைக் கொள்ளையரிடம் காட்டிக் கொடுத்து நரகம் போனவன் அந்தக் கௌசிகன். அவனும் குழம்பியவன் இல்லை, தெளிவு கொஞ்சம் அளவுக்கு மீறிப் போனவன்.

பிறகு கண்ணன் காட்டும் வழி இருக்கிறதே, அபாரம். 'பவான்' என்று மரியாதையாக விளிக்க வேண்டிய அண்ணனை 'த்வம்' என்று ஒருமையில் ஏசு. பெரியவரை அவமதிப்பது கொல்வதற்குச் சமம். சபதமும் நிறைவேறும், தலையும் தப்பும். (தமிழில் அண்ணனை 'நீ' என்று கூப்பிடாத தம்பி எத்தனை பேர்? அதனால் இந்த இடம் மொழிபெயர்ப்பில் பாதி செத்துவிடுகிறது.) அர்ச்சுனன் ஏசுகிறான், ஏசியதற்காகத் தன்னையே வெட்டிக்கொள்ள மறுபடி வாளை உருவுகிறான். தற்புகழ்ச்சி தற்கொலைக்குச் சமம், உன்னை நீயே புகழ்ந்துகொள் என்று கண்ணன் அதற்கும் ஒரு சந்து கண்டுபிடிக்கிறான். குழப்பத்தைத் தீர்க்கும் விளக்கம் எதையும் அவன் இங்கே தரவில்லை. இறுகிய இடத்திலிருந்து ஆளை வெளியே இழுக்கிறான், அவ்வளவுதான்.

சரி, கீதையில் அர்ச்சுனன் குழம்பவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டாம் அத்தியாயத்தில் அவனே தன்னை 'தர்மஸம்மூடசேதாஹ' என்று சொல்லிக்கொள்கிறான்: அறம் எதுவென்று மனம் மயங்கியவன். ஆனால் அந்தச் சொல் ஸம்மூடம், சங்கடம் வேறு. ஸம்மூடம் மனத்தின் நிலை, சங்கடம் மனிதன் நிற்கும் இடம். அந்த வரியை மட்டும் 'அறக்குழப்பம்' என்று எழுதுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். 'அறமயக்கம்' இன்னும் அழகாக இருக்கும்.

'கடமை முரண்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அறக்குழப்பத்தைவிட இது தேவலாம். ஆனால் கடமை இன்றைக்கு அலுவலகச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்ற புறநானூற்றுத் தாயின் கடனுக்கு இருந்த கனம் அதில் இல்லை. தவிர, உயிரோடிருக்கும் மகனைப் பற்றி 'அசுவத்தாமன் இறந்தான்' என்று துரோணரிடம் சொல்லும்போது தருமரை இறுக்கியது வாய்மை. அதைக் கடமை என்று யார் சொல்வார்கள்? அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும், தரைக்கு நான்கு விரற்கடை மேலே மிதந்துகொண்டிருந்த அவர் தேர் மண்ணில் இறங்கியது என்கிறது கதை. அறம் என்ற சொல்தான் கடனையும் வாய்மையையும் சேர்த்துத் தாங்கும்.

என் பரிந்துரை 'அறநெருக்கடி'. சங்கடத்தின் இறுக்கம் நெருக்கடியில் அப்படியே இருக்கிறது; நெருக்கு என்பதே அதன் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நெருக்கடி என்றால் 1975ஆம் ஆண்டு நெருக்கடிநிலை அரசியல்தான் நினைவுக்கு வரும் என்பது இந்தியாவில் எழும் ஆட்சேபம். நம் நாட்டில் 1948 முதல் 1960 வரை இருந்ததைப் பெரியவர்கள் அவசரகாலம் என்றுதான் சொல்வார்கள். அதனால் இங்கே அந்தத் தொல்லை குறைவு.

பேச்சுக்கு இன்னொன்று கைவசம் இருக்கிறது: இருதலைக் கொள்ளி எறும்பு. திருவாசகத்திலேயே வருகிறது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் 'செர்பா சாலா' என்பார், எதைச் செய்தாலும் தப்பு என்று. இவை இரண்டுமே அறக்குழப்பத்தைவிடக் கிட்ட வருகின்றன. தெருவில் பேசுகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம், சொல்லாக்கம் செய்கிறவர்களுக்கு மட்டும் எப்படித்தான் தப்பிப்போகிறதோ. பலர் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அங்கே இருக்கும் விளக்கத்தைத் தமிழாக்குகிறார்கள். வடமொழியையும் பார்ப்பதில்லை, கம்பனையும் பார்ப்பதில்லை.

கம்பனைப் பார்த்திருந்தால் கும்பகருணன் நினைவுக்கு வந்திருப்பான். இராமன் பக்கம் வந்துவிடு என்று வீடணன் கெஞ்சுகிறான். அண்ணன் செய்தது தவறு என்று கும்பகருணனுக்கு நன்றாகத் தெரியும், இராவணனிடமே சொன்னவன் அவன். ஆனாலும் 'நீர்க்கோல வாழ்வை நச்சி', அதாவது நீரில் போட்ட கோலம் போன்ற நிலையில்லாத வாழ்வை விரும்பி, உன்னோடு வரமாட்டேன், இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் போகமாட்டேன் என்கிறான். திரையில் குறிப்பு எழுதுகிறவர் இந்தக் கட்டத்துக்கு வரும்போது 'கும்பகருணனின் அறக்குழப்பம்' என்று தட்டச்சு செய்யும் முன், அவனுக்கு எதில் குழப்பம் என்று எனக்கு ஒரு வரி எழுதிக் காட்டட்டும்.