ட்ரேசிங் லைட் பாக்ஸ்: தமிழ்ல என்ன சொல்லலாம்?

காரைக்குடிப் பக்கம் ஆரி ஒர்க் பண்றவங்க, பழைய வீட்டுத் தரை டிசைனைப் பாத்து வரையிறவங்கன்னு நிறைய பேர் இப்ப லைட் பாக்ஸ் லைட் பாக்ஸ்னு சொல்றாங்க, ஆனா அந்தப் பேரை வெச்சு மட்டும் எதுன்னு தெரியாது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை மாட்டிப் பாக்குறதும் லைட் பாக்ஸ், கடை வாசல்ல ராத்திரி எரியிற போர்டும் லைட் பாக்ஸ். நான் சொல்ல வந்தது மேல பால் நிற அக்ரிலிக், உள்ள லைட், அதுமேல மூலப் படம், அதுக்கும் மேல வெத்துத் தாள் வெச்சு, ஊடுருவித் தெரியிற கோட்டு மேலயே பென்சிலை ஓட்டுறமே அந்தப் பெட்டி.

முதல்ல ட்ரேஸ். பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த சொல், அடி வேர் லத்தீன்ல இழுக்குறதுன்னு பொருள் தர்ற சொல். நாமளும் கோடு போடுன்னு மட்டுமா சொல்றோம், ஸ்கேலை வெச்சு ஒரு கோடு இழுன்னும்தானே சொல்றோம். அதே வேர்ல இருந்துதான் போனை ட்ரேஸ் பண்ணிட்டாங்கங்கிறதும் வருது, அதுக்குத் தமிழ்ல தடம் பிடிக்கிறதுன்னு அழகா இருக்கு, ஆனா படத்துக்கு அது ஒட்டாது.

படத்துக்கு நிறைய பேர் நகல் எடுக்குறதுன்னு எழுதுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நகல்ங்கிறது அரபியில இருந்து உருது வழியா வந்த சொல், அது கூடப் பரவாயில்ல, நகல்னு சொன்னதும் ஜெராக்ஸ் கடைதான் ஞாபகம் வருது, கை வேலை அதுல காணோம். அச்சுன்னும் சொல்ல முடியாது, ஆத்தங்குடியில தரை டைல்ஸ் செய்யக் கண்ணாடிப் பலகை மேல உலோக அச்சை வெச்சு கலர் கலரா சிமெண்ட்டை ஊத்துறாங்களே அதுதான் அச்சு, அங்க கோட்டைப் பிடிச்சுக்கிட்டே போற வேலை கிடையாது.

சரியான சொல் நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கு, படியெடுக்கிறது. ஓலைச்சுவடியைப் பாத்து இன்னொரு ஓலையில எழுதுறதுக்குப் படியெடுக்கிறதுன்னுதான் பேரு, கையெழுத்துப் படின்னு இன்னைக்கும் சொல்றோம். கல்வெட்டு ஆளுங்க ஈரத் தாளைக் கல்லு மேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள்ள இறக்கி, மேல மை ஒத்தி எடுக்குறதுக்கு மைப்படின்னு பேரு. மூலத்து மேலயே தாளை வெச்சு எடுக்குறதுங்கிற பொருள் அதுல அப்பிடியே இருக்கு, ட்ரேசிங்குக்கு இதைவிட நெருக்கமா எனக்கு வேற தோணல. எங்க தெரு ஆச்சிகிட்ட படின்னு சொன்னதும் "அரிசி அளக்குற படியா ஆத்தா, வாசப்படியா?"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான், அதனால படின்னு தனியா விடாம படியெடுப்புன்னு சேத்தே சொல்லணும்.

அடுத்து பாக்ஸ். பாக்ஸ் மரம்னே ஒரு மரம் இருக்கு, அதுல செஞ்ச சின்னச் செப்புக்கு கிரேக்கத்துல இருந்த பேரு லத்தீன் வழியா வந்து பாக்ஸ் ஆச்சு. நமக்குப் பெட்டி போதும். அதுலயும் செட்டிநாட்டுக்காரங்களுக்குப் பெட்டிங்கிறது சாமான் போட்டு மூடுறது மட்டும் இல்ல. பர்மா, மலாயாவுல அவங்க வட்டித் தொழில் நடத்துன கிட்டங்கியில தரையில உக்காந்து முன்னால ஒரு மரப்பெட்டியை வெச்சுத்தான் கணக்கு எழுதினாங்க, அங்க புதுசா வேலைக்குச் சேர்ற இளவட்டத்துக்குப் பெட்டியடிப் பையன்னே பேரு. மேல வெச்சு எழுத வாகா மூடி சரிவா இருக்குற கணக்குப்பிள்ளைப் பெட்டியை இப்பவும் காரைக்குடி பழம்பொருள் கடைகள்ல பாக்கலாம். ஆக எழுதுற பலகையா நிக்கிற பெட்டி நமக்குப் புதுசே இல்ல. (அந்தப் பெட்டியை வாங்கி ஓட்டை போட்டு லைட் வைக்காதீங்க தயவுசெஞ்சு, பிளைவுட்ல புதுசா அடிச்சுக்கலாம்.)

முன்னால ஒளி சேக்கும்போது ப் விடக்கூடாது. ஒளிங்கிறது வெளிச்சம், ஒளிச்சு வைக்கிற ஒளியும் அதே எழுத்துதான், ஒளிபெட்டின்னு எழுதினா வினைத்தொகை ஆகி எதையோ ஒளிக்கிற பெட்டின்னு படிக்க இடம் இருக்கு. ஒளிப்பெட்டின்னா ஒளியை உடைய பெட்டி. விளக்குப்பெட்டின்னா விளக்கைப் போட்டு வைக்கிற பெட்டி மாதிரி இருக்கு, வேணாம். எக்ஸ்ரே பெட்டியில இருந்து பிரிச்சுக் காட்டணும்னா படியெடுப்பு ஒளிப்பெட்டி.

வீட்டுலயே செய்றது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. மேல் பக்கம் திறந்த பிளைவுட் பெட்டி, உள்ள பூரா வெள்ளை பெயிண்ட் இல்லாட்டி வெள்ளைத் தாள், அடியில 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை நெருக்கமா வரிசையா ஒட்டி அடாப்டர் மாட்டிட்டு, மேல போர்டு கடையில கிடைக்கிற 3 எம்எம் மில்க் வொயிட் அக்ரிலிக். லைட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல மூணு நாலு இஞ்சு இடம் விட்டாத்தான் வெளிச்சம் பரவும், ஒட்டினாப்புல வெச்சா புள்ளி புள்ளியாத் தெரிஞ்சு கண்ணு கூசும். சாதாரண கண்ணாடிதான் இருக்குன்னா அதுக்கு அடியில பட்டர் பேப்பர் ஒட்டுங்க. பின்பக்கம் சரிவா உயர்த்தி வெச்சா கழுத்துக்கு நல்லது.

ஒண்ணு மட்டும், வெள்ளைத் தாள், வெளிர் நிற காட்டன் துணி வரைக்கும்தான் இந்தப் பெட்டி உதவும். அடர் நிற பிளவுஸ் துணியில ஒளி ஊடுருவாது, அங்க பழைய முறைதான், பட்டர் பேப்பர்ல வரைஞ்சு கோட்டு மேல ஊசியால பொட்டு பொட்டாக் குத்தி, வெள்ளைப் பவுடரை மண்ணெண்ணெயில குழைச்சு மேல தேய்ச்சா துணியில புள்ளியா இறங்கும். பெட்டியும் இல்ல லைட்டும் இல்ல, ஆனா அதுவும் படியெடுப்புதான்.