மழைத் தீவில் இறைச்சியைக் காயவைத்த கல் குடில்கள்

ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளையும் தாண்டி, அட்லாண்டிக் கடலுக்குள் சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது செயின்ட் கில்டா தீவுக்கூட்டம். அதில் பெரியது ஹிர்டா. மரமே கிடையாது. 430 மீட்டர் உயரமுள்ள கொனகர் மலை ஒரு பக்கம் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அந்தப் பாறைகளில் கூடு கட்டும் கேனட், ஃபுல்மர், பஃபின் ஆகிய கடற்பறவைகள்தான் அங்கே வாழ்ந்த மக்களின் முக்கிய உணவாக இருந்தன. கோடையில் பிடித்ததைக் குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிட வேண்டியிருந்தது. அடிக்கடி மழை பெய்யும் இடத்தில் இறைச்சியை எப்படிக் காயவைப்பது?

அதற்குத்தான் 'கிளீட்' என்ற சிறு கல் குடில்கள். ஹிர்டாவில் மட்டும் 1,200-க்கு மேல் இருக்கின்றன. சுண்ணாம்போ மண்ணோ பூசாமல் வெறும் கற்களை அடுக்கிய சுவர். மேலே போகப் போக ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் உள்பக்கமாக நீளும். வெளிப்பக்கப் பாரம் அதைச் சரியாமல் பிடித்துக்கொள்ளும். இடைவெளி குறுகியதும் பெரிய பலகைக் கற்களைக் குறுக்கே போட்டு, புல்லோடு வெட்டிய மண்கட்டிகளைப் பரப்புவார்கள். மழையை அந்த மண் உறிஞ்சி வழியவிடும். அதன் எடை, புயலிலும் கூரையை அசையவிடாது.

சுவரில் பூச்சு இல்லாததுதான் இதன் உயிர்நாடி. ஈர இறைச்சியைச் சுற்றி நீராவி நிறைந்த மெல்லிய காற்றுப் படலம் உருவாகும். காற்று அசையாவிட்டால் அந்தப் படலம் அப்படியே நிற்கும், இறைச்சி காயாது. கல் இடுக்குகள் வழியாகப் புகும் கடற்காற்று அதை ஓயாமல் துடைத்துக்கொண்டே இருக்கும். வெளிக்காற்று ஈரமாக இருந்தாலும், நீராவியால் முழுக்க நிறையாதவரை இன்னும் கொஞ்சத்தை ஏற்றுக்கொள்ளும். நீர் குறையக் குறைய பாக்டீரியா பெருக வழியில்லை. குளிரும் அவற்றின் வேகத்தைக் குறைக்கும்.

1697-இல் அங்கே போன ஸ்காட்லாந்து எழுத்தாளர் மார்ட்டின் மார்ட்டின், தீவு மக்கள் முதுகைப் பிளந்த கேனட்டுகளை உப்பே இல்லாமல் இந்தக் குடில்களில் ஓராண்டு வரை வைத்திருந்ததாக எழுதியிருக்கிறார். முட்டை, எரிபொருள் எல்லாம்கூட இதே குடில்களில்தான். கையில் கிடைத்த கல்லையும் புல்லையும் வைத்தே இவ்வளவு நுட்பமாகக் கட்டியவர்களை வியக்காமல் இருக்க முடியவில்லை.

1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசி 36 பேரும் தீவைவிட்டு வெளியேறினார்கள். இன்று குடில்களில் ஒதுங்குவது காட்டுத்தனமாகத் திரியும் சோயே இனச் செம்மறி ஆடுகள்தான். கூரை மண் கரைந்தால் சுவருக்குள் தண்ணீர் இறங்கி, கற்கள் நழுவத் தொடங்கும். அதனால் இடிந்த குடில்களை இப்போதும் பூச்சு இல்லாமல், பழைய முறையிலேயே அடுக்கிச் சரிசெய்கிறார்கள்.