ஒரே கர்னல் எல்லாக் கணினிக்கும் எப்படிப் பொருந்துகிறது?

முதன்முறை என் மடிக்கணினிக்கென்று சொந்தமாக லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கம்பைல் செய்தபோது, அதாவது மூல நிரலிலிருந்து கட்டியபோது, பூட் ஆகும் வழியிலேயே அது நின்றுவிட்டது. ரூட் ஃபைல் சிஸ்டத்தை (இயங்குதளக் கோப்புகள் இருக்கும் இடத்தை) மவுண்ட் செய்ய முடியவில்லை என்று ஒரு வரி, கூடவே கர்னல் பேனிக், அதாவது மேலே போக முடியாமல் கர்னல் நின்றுவிடுவது. தேவையில்லாததைக் கழிக்கிறேன் என்று, வட்டைப் படிக்கும் டிரைவரையும் (ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்) சேர்த்துக் கழித்திருந்தேன். எல்லாக் கணினிக்கும் என்று தயாராக வரும் பொதுக் கர்னல் எவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

லினக்ஸ் தொகுப்புகளான உபுண்டுவோ டெபியனோ, தன் கர்னல் யாருடைய கணினியில் ஓடப்போகிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் ஆயிரக்கணக்கான டிரைவர்களைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் எல்லாமே நினைவகத்தில் ஏறுவதில்லை. கர்னலைக் கட்டும்போது பெரும்பாலான டிரைவர்களுக்கு மூன்று வழி உண்டு: உள்ளேயே சேர்ப்பது, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் மாட்யூலாகத் தனியே வைப்பது, விட்டுவிடுவது. பொதுக் கர்னல் இரண்டாவதையே அதிகம் நம்புகிறது. பிசிஐ என்ற இணைப்பு வழியில் பொருத்திய சாதனம் ஒவ்வொன்றும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என்று இரண்டைச் சொல்லும். (இன்டெல்லின் எண் 8086. 1978இல் வந்த அதன் ப்ராசசரின் பெயரும் அதுதான்!) அந்த எண்களுக்குப் பொருந்தும் மாட்யூல் மட்டும் ஏற்றப்படும். மற்றவை வட்டில் சும்மா கிடக்கும்.

சரி, வட்டைப் படிக்கும் டிரைவரே வட்டில் இருந்தால்? பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். அதற்காகவே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்புத்தொகுப்பு இருக்கிறது. கணினி தொடங்கும்போது கர்னலை ஏற்றும் பூட்லோடர் அதைக் கர்னலோடு சேர்த்து நினைவகத்தில் வைத்துவிடும்; தேவையான மாட்யூல் அதிலிருந்து ஏறும். நான் இதையும் வைக்கவில்லை, டிரைவரையும் உள்ளே சேர்க்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினிகளில் பொதுக் கர்னல், பூட் ஆகும்போதே ப்ராசசரின் திறன்களைப் பார்த்துத் தன் இயந்திரக் கட்டளைகளைத் தானே திருத்தி எழுதிக்கொள்கிறது. நினைவகத்தில் நகலெடுக்க வேகமான கட்டளை இருந்தால், பழைய வழிக்குப் பதிலாக அது வந்து உட்கார்ந்துவிடும். சொந்தக் கர்னல் கட்டினால் கணினி பறக்கும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் சொந்தக் கர்னல் யாருக்கு? நேரம் தவறவே கூடாத வேலைகளுக்கு. கர்னலை அவ்வப்போது தட்டியெழுப்பும் டைமர் துடிப்பை நொடிக்கு 100, 250, 300, 1000 முறை என்று கம்பைல் செய்யும்போதுதான் தேர்ந்தெடுக்க முடியும். 250 என்றால் 4 மில்லிநொடிக்கு ஒருமுறை, 1000 என்றால் 1 மில்லிநொடிக்கு ஒருமுறை. ரோபோ, ஒலிப்பதிவு போன்றவற்றுக்கு உதவும் ரியல்டைம் வசதி, ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2024இல் 6.12 பதிப்பில் முழுதாகச் சேர்ந்தது. அதையும் கட்டும்போதே இயக்க வேண்டும். சில மெகாபைட் மட்டுமே இடமுள்ள ரவுட்டர் போன்ற கருவிகளுக்கும் சொந்தக் கர்னல்தான் சரி. பாதுகாப்பிலும் லாபம் உண்டு: இல்லாத டிரைவரில் ஓட்டை இருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்துக்கும் நாமே மறுபடி கட்ட வேண்டும். இதைத் தொடர்ந்து செய்ய முடியாதவர்கள் பொதுக் கர்னலோடு இருப்பதே நல்லது என்பேன்.

செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளையில் தொடங்கலாம். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை அது நீக்கிவிடும். அதனால் வெப்கேம், பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் முதலில் செருகிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். பழைய கர்னலையும் பூட் மெனுவில் விட்டுவையுங்கள்.