முதலில் ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் மோட்டார்

மே மாதம் வந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். “குளம் வச்சு அஞ்சு நாள்தானுங்க ஆச்சு, தண்ணி பச்சையாயிருச்சுங்க.” கோவை, பொள்ளாச்சிப் பக்கத் தோட்டத்து வீடுகளில் இரும்புச் சட்டத்தில் பொருத்தித் தரைமேல் நிறுத்தும் குளங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. குளத்தைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள் பம்பையும் ஃபில்டரையும் மட்டும் கடைக்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். 18 வருடமாக நீச்சல் குளங்களைப் பராமரிக்கும் நான் இதைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டதுதான் மிச்சம்.

போன வருடம் ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்குப் போனேன். 15 அடி அகல வட்டக் குளம். பெட்டியோடு வந்த சின்னப் பம்பைக் கரண்ட் பில்லுக்குப் பயந்து தினம் இரண்டு மணி நேரம்தான் ஓட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பச்சையானதும் ஒருவர் பேச்சைக் கேட்டு 1 ஹெச்.பி. பூல் பம்பும் 16 அங்குல மணல் ஃபில்டரும் வாங்கி மாட்டிவிட்டார்கள். மறுநாள் குளத்தின் அடியில் மணல், தண்ணீரோ கலங்கலாகவே இருக்கிறது. “பெருசாத்தானுங்க போட்டோம்” என்றார் வீட்டுப் பெரியவர்.

பெரிதாகப் போட்டதுதான் அங்கே பிரச்சினை. அதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

15 அடி என்பது 4.57 மீட்டர். தண்ணீர் ஒரு மீட்டர் உயரத்துக்கு நின்றால் மொத்தம் சுமார் 16,400 லிட்டர். இவ்வளவு தண்ணீரும் 6 முதல் 8 மணி நேரத்தில் ஒரு சுற்று ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழக்கமான அளவு. ஆனால் ஒரு சுற்று முடிந்தால் எல்லாத் தண்ணீரும் வடிகட்டப்பட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். வடிகட்டின தண்ணீர் திரும்பவும் அதே குளத்தில்தான் கலக்கிறது. அதனால் ஒரு சுற்றில் ஏறக்குறைய 63 சதவீதத் தண்ணீர்தான் ஃபில்டரைப் பார்க்கும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95. வெயில் காலத்தில், குழந்தைகள் தினமும் இறங்கும் குளத்துக்கு நான் இரண்டு சுற்றுக்குக் குறைத்துச் சொல்வதில்லை.

அப்படியானால் பெரிய பம்ப் வேகமாகச் சுற்றிவிடுமே என்று தோன்றும். இங்கேதான் ஃபில்டர் குறுக்கே நிற்கிறது. மணல் ஃபில்டரில் அழுக்கு நிற்பது தண்ணீர் நிதானமாக இறங்குவதால்தான். 16 அங்குலத் தொட்டியின் குறுக்குப் பரப்பு ஒரு சதுர மீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதில் மணிக்கு 5,000 லிட்டர் விட்டால் தண்ணீர் மணலில் மணிக்கு 40 மீட்டர் வேகத்தில் இறங்கும். அது நல்ல வேகம். 50ஐத் தாண்டக் கூடாது. அந்த வீட்டு 1 ஹெச்.பி. பம்ப் மணிக்கு 15,000 லிட்டர் தள்ளக்கூடியது. கணக்குப்படி வேகம் 120 மீட்டர்! தண்ணீர் மணலைக் குடைந்து தனக்கு வழி செய்துகொள்ளும், அழுக்கு அந்த வழியாகவே குளத்துக்குத் திரும்பிவிடும். போதாததற்குத் தொட்டிக்குள் வீடு கட்ட வாங்கிய எம்-சாண்டைக் கொட்டியிருந்தார்கள். அதிலுள்ள தூள் ஃபில்டரின் அடிக்குழாய் இடுக்கு வழியே வெளியே வந்துவிடும். ஃபில்டருக்கென்று 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் அளவில் சலித்த சிலிக்கா மணல் தனியாகக் கிடைக்கிறது, அதைத்தான் போட வேண்டும்.

ஆகவே குளத்தின் கொள்ளளவு, அதற்கேற்ற ஃபில்டர், அந்த ஃபில்டர் தாங்கும் அளவு தள்ளும் பம்ப் என்ற வரிசையில் போங்கள். கடையில் “எத்தனை ஹெச்.பி.” என்று கேட்காமல் “ஐந்து, ஆறு மீட்டர் அழுத்தத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் தரும்” என்று கேளுங்கள். (அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும்போது இருக்கும் எதிர்ப்பைத்தான் இப்படி மீட்டரில் சொல்வார்கள்.) பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாதபோது வரும் அளவு. ஃபில்டரும் குழாயும் வளைவுகளும் சேர்ந்தால் அது நன்றாகவே குறையும்.

வீட்டில் சும்மா கிடக்கும் மோட்டாரை மாட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோனோபிளாக், கொஞ்சம் தண்ணீரை நிறைய உயரத்துக்குத் தள்ளச் செய்தது. குளத்துக்குத் தேவை நேர்மாறானது. அந்த மோட்டாரில் தலைமுடியையும் இலையையும் பிடிக்கும் கூடை கிடையாது, அதன் வார்ப்பிரும்பு உடம்பு குளோரின் தண்ணீரில் துருப்பிடிக்கும். இன்னொரு விஷயம், தரைமேல் குளத்தில் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும், தண்ணீர் தானாக வந்து நிறையும். அதனால் தானே உறிஞ்சி எடுக்கும் விலை உயர்ந்த வகை தேவையில்லை. ஆனால் இரண்டு பக்கமும் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் ஃபில்டரைத் திறந்ததும் குளம் முழுக்கக் காலியாகும்.

ஃபில்டர் கார்ட்ரிட்ஜா (மடித்த துணி போன்ற உருளை), மணலா? கார்ட்ரிட்ஜ் இன்னும் நுண்ணிய அழுக்கைப் பிடிக்கும், தண்ணீர் வீணாகாது. ஆனால் அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். மணலுக்குப் பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி அழுக்கை வெளியேற்றுவது) போதும், ஒரு தடவைக்கு 250, 300 லிட்டர் போகும். போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரின் பட்டதும் பழுப்பாகும். அது கார்ட்ரிட்ஜைச் சீக்கிரம் அடைத்துவிடும் என்பதால் அந்த இடங்களில் நான் மணலையே சொல்வேன். எதுவானாலும் ஃபில்டர் மட்டும் பாசியைத் தடுக்காது. குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரை எப்போதும் இருக்க வேண்டும்.

பம்ப் பெரிதாகும்போது வருகிற இன்னொரு ஆபத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. 2002ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி, 7 வயது வர்ஜீனியா கிரேம் பேக்கர், வெந்நீர்த் தொட்டியின் அடித்துவாரம் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டதால் இறந்துபோனாள். பெற்ற தாயால் அவளை இழுத்து எடுக்க முடியவில்லை. 2007ல் அவள் பெயரிலேயே அங்கே சட்டம் வந்தது. தோப்பு வீட்டில் உறிஞ்சும் வாய்கள் இரண்டில் ஒன்றை அடைத்து, மற்றதன் வலை மூடியை ‘தண்ணி நல்லா வரட்டும்’ என்று கழற்றி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட்டேன். இரண்டு வாயும் திறந்திருக்க வேண்டும், இரண்டிலும் மூடி இருக்க வேண்டும். மூடி உடைந்தால் புதிது வரும்வரை குழந்தைகளை இறக்காதீர்கள்.

மின்சாரமும் அப்படித்தான். பம்ப் குளத்திலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் தள்ளி இருக்கட்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), சரியான எர்த், இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் பம்பை ஓட்டிக்காட்டுவதே இல்லை.

அந்த வீட்டில் 1 ஹெச்.பி. பம்பைக் கழற்றி, மணிக்கு 5,000 லிட்டர் தரும் சிறிய பம்பை வைத்தோம். மணலை மாற்றினோம். காலையில் மூன்றரை மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் ஓட்டினால் இரண்டு சுற்று ஆகிவிடுகிறது. கரண்டும் மணிக்கு ஒரு யூனிட் போன இடத்தில் அதில் பாதிகூட ஆவதில்லை. குளோரினையும் சரிசெய்த பிறகு, மூன்றாம் நாள் தண்ணீரில் அடித்தரை தெரிந்தது.

கிளம்பும்போது தொட்டியின் மேல் மார்க்கரால் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்: “சுத்தமாக இருக்கும்போது அழுத்த மீட்டர் 0.5 பார். 0.8 வந்தால் பேக்வாஷ்.” பெரிய பம்புகளுக்கு, அழுத்தம் 8, 10 பி.எஸ்.ஐ. (0.55 முதல் 0.7 பார்) ஏறினால் பேக்வாஷ் என்று சொல்லும் கணக்கு இந்தச் சின்னப் பம்புக்கு ஒத்துவராது, அவ்வளவு ஏறும்வரை காத்திருந்தால் தண்ணீர் ஓட்டமே நின்றுபோகும். அந்த வீட்டுப் பேரன் இப்போது தினமும் காலையில் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் குளத்தில் இறங்குகிறான்.