மழை பட்டால் மூக்கைத் தாழ்த்தும் விமானம்

வீட்டிலேயே கட்டிப் பறக்கும் சிறு விமானங்களைப் பற்றி முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, பொறியியல் மாணவி ஒருவர் லாங்-ஈஸி விமானத்தின் படத்தோடு இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். படத்தில் அந்த விமானம் மூக்கைத் தரையில் ஊன்றி நிற்கிறது. சின்ன இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால், இன்ஜினும் புரொப்பெல்லரும் அதற்கும் பின்னால். "எல்லாமே ஏன் முன்பின் மாறி இருக்கிறது?" என்பது முதல் கேள்வி. "மழைக்குள் நுழைந்தால் இதன் மூக்கு தானாகத் தாழும் என்று படித்தேன். தண்ணீரின் எடையாலா?" என்பது இரண்டாவது.

எடையால் இல்லை. இறக்கையை ஒட்டி ஓடும், சில மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு காற்றுப் படலம்தான் காரணம். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை. முதல் கேள்வியைச் சற்று வேகமாக முடித்துவிடுகிறேன்.

மூக்கு தரையில் இருப்பதற்குக் காரணம் எளிது. இன்ஜின் கடைசியில் இருப்பதால், விமானி இறங்கியதும் முன்பக்கம் எடை போதாமல் வண்டி பின்னால் சாய்ந்துவிடும். அதனால் நிறுத்தும்போது முன்சக்கரத்தை உள்ளே மடித்து மூக்கைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இதை வடிவமைத்தவர் அமெரிக்காவின் பர்ட் ரூட்டன். விமானப்படையின் எட்வர்ட்ஸ் தளத்தில் சோதனைப் பறத்தல் பொறியாளராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு சின்னக் கூடத்தில் தொழில் தொடங்கினார். 1975ல் வேரி-ஈஸி பறந்தது, 1979ல் அதைவிடச் சற்றுப் பெரிய லாங்-ஈஸி. அவர் விற்றது விமானத்தை அல்ல, வரைபடங்களையும் செய்முறைப் புத்தகத்தையும். மற்றதெல்லாம் வாங்குபவரின் கார் ஷெட்டில் நடக்கும். நீல நிற ஃபோம் கட்டையின் இரு முனைகளிலும் இறக்கை வடிவத்தில் அச்சுத் தகடு வைத்து, சூடேற்றிய கம்பியை அதன் மேல் இழுத்தால் இறக்கையின் வடிவம் வெட்டி வந்துவிடும். அதன் மேல் ஃபைபர் கிளாஸ் துணியைப் போர்த்தி எபாக்ஸி என்னும் பிசினை ஊற்றித் தேய்த்து இறுக விட வேண்டும். வார்ப்பு அச்சு வேண்டாம், பெரிய இயந்திரம் வேண்டாம், ரிவெட் வேண்டாம். ஆனால் பொறுமை நிறைய வேண்டும். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் போகும்.

சரி, சின்ன இறக்கை ஏன் முன்னால்? வழக்கமான விமானத்தில் பெரிய இறக்கை தூக்குகிறது, வால் பெரும்பாலும் கீழ்நோக்கி அழுத்திச் சமன் செய்கிறது. விமானி மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால், காற்று இறக்கையின் மேற்பரப்பைப் பின்பற்ற முடியாமல் பிரிந்துவிடும். தூக்குவிசை சட்டென்று சரியும். இதுதான் ஸ்டால். தரைக்கு அருகே மெதுவாகத் திரும்பும்போது இது நடந்து, விமானம் சுழன்று விழுவதுதான் சிறு விமானங்களின் பழைய சாபம். ரூட்டன் வாலை எடுத்துவிட்டு, கனார்ட் என்னும் முன்சிறகை மூக்கருகே வைத்தார். அதுவும் மேல்நோக்கித் தூக்கும். பெரிய இறக்கையைவிட அதற்குச் சதுர அடிக்குச் சுமை அதிகம், காற்றைச் சந்திக்கும் கோணமும் சற்று அதிகம். ஆகவே விமானி கட்டுப்பாட்டுக் குச்சியை வயிறு வரை இழுத்தாலும் முதலில் ஸ்டால் ஆவது முன்சிறகுதான். அது ஆனதும் மூக்கு கொஞ்சம் தாழும், கோணம் குறையும், முன்சிறகு மறுபடி தூக்கத் தொடங்கும், மூக்கு எழும், மறுபடி தாழும். விமானம் மெல்லத் தலையாட்டிக்கொண்டே பறக்கும். பெரிய இறக்கை அதன் எல்லைக் கோணத்தைத் தொடவே தொடாது.

இதற்கு ஒரு விலை உண்டு. பெரிய இறக்கையின் முழுத் திறமையையும் பயன்படுத்த முடியாது என்பதால், இறங்கும் வேகமும் ஓடுபாதையின் நீளமும் கூடும். ஸ்டால் ஆகாத விமானம் என்பதால் விபத்தே நேராது என்றும் இல்லை. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரையில் இறந்தது ஒரு லாங்-ஈஸியில்தான். எரிபொருள் டாங்கியை மாற்றும் வால்வு, வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். அந்த விமானத்தைக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது கால் தன்னையறியாமல், மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடர் பெடலை மிதித்துவிடும் என்று விசாரணையில் தெரிந்தது. கட்டுபவருக்குக் கிடைக்கும் சுதந்திரம் இவ்வளவு கனமானது.

இப்போது மழை.

வேரி-ஈஸிகள் பறக்கத் தொடங்கியதும் உரிமையாளர்களிடமிருந்து ஒரு விநோதமான செய்தி வரத் தொடங்கியது. மழைக்குள் நுழைந்தால் மூக்கு தாழ்கிறது, குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடித்தால்தான் மட்டமாகப் பறக்கிறது, வெளியே வந்ததும் சரியாகிவிடுகிறது. இன்னும் விநோதம் என்னவென்றால் எல்லா விமானமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. ஒன்று நன்றாகவே மூக்கைத் தாழ்த்தும். அதே வரைபடத்தில் கட்டிய இன்னொன்றுக்கு மழை பெய்வதே தெரியாது.

நம் ஊரில் இப்படி நடந்தால் உடனே ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: அந்த வண்டி ராசியில்லாதது. எலுமிச்சையும் மிளகாயும் கட்டி, பூசணி உடைத்து, அதோடு விட்டுவிடுவோம். மன ஆறுதலுக்குச் செய்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ராசி என்ற விளக்கத்தோடு என் சண்டை என்னவென்றால், அதற்குப் பிறகு யாரும் அளவுகோலை எடுப்பதில்லை. இங்கே வேறுபாடு முழுக்க முழுக்க அளவுகோலில்தான் இருந்தது.

முன்சிறகு முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை ஓர் அடி அகலம்தான் இருக்கும். அதன் குறுக்குவெட்டு வடிவம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவானது. ஜியு 25 என்று தொடங்கும் பெயரில் வரும் 'ஜியு' அந்தப் பல்கலைக்கழகத்தைக் குறிக்கிறது. இதன் சிறப்பு, மேற்பரப்பின் பெரும்பகுதியில் காற்றை அடுக்கடுக்காக, கலையாமல் ஓடவிடுவது. பரப்பை ஒட்டிய காற்று உராய்வால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ள அடுக்கு கொஞ்சம் நகர்கிறது, அதற்கும் மேலுள்ளது இன்னும் வேகமாக. இப்படி நின்ற காற்றுக்கும் முழுவேகக் காற்றுக்கும் நடுவே இருப்பதுதான் எல்லைப்படலம். அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்காமல் வழுக்கிச் செல்லும்வரை இது மெல்லியதாக இருக்கும், உராய்வும் குறைவு. ஏதோ ஒரு புள்ளியில் சிறு அலைவு வளர்ந்து எல்லாம் கலங்கி, ஓட்டம் கொந்தளிப்பாக மாறும். அங்கிருந்து படலம் வேகமாகத் தடிக்கத் தொடங்கும்.

இதுவரை பாடப்புத்தகத்திலேயே இருப்பதுதான். பின்பாதியில் நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. இறக்கையின் மேல்புறம் முன்பாதியில் காற்று முடுக்கம் பெறுகிறது, அங்கே அழுத்தம் குறைவு. பின்விளிம்புக்கு வருவதற்குள் அந்தக் காற்று பழைய அழுத்தத்துக்குத் திரும்பியாக வேண்டும். அதாவது குறைந்த அழுத்தத்திலிருந்து கூடிய அழுத்தத்தை நோக்கி, மேட்டில் ஏறுவதைப்போல ஓட வேண்டும். வெளிக்காற்றிடம் வேகம் இருக்கிறது, அது ஏறிவிடும். பரப்பை ஒட்டிய காற்று உராய்வுக்கு ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டது. மீதியிருக்கும் வேகம் போதவில்லை என்றால் நடுவழியிலேயே நின்று, திரும்பி, பரப்பைவிட்டுப் பிரிந்துவிடும். பிரிந்த இடத்துக்குப் பின்னால் இறக்கையின் வளைவு இருந்தும் இல்லாததுதான்.

கிளாஸ்கோ வடிவத்தில் அந்த ஏற்றம் செங்குத்தாக இருக்கிறது. படலம் மெலிந்து, வேகத்தைச் சேமித்து வந்து சேரும் என்று நம்பி வரைந்த வடிவம் அது. உலர்ந்த, வழவழப்பான இறக்கையில் அந்த நம்பிக்கை பலிக்கிறது. மழைத்துளிகள் முன்விளிம்பில் மணி மணியாக ஒட்டும்போது ஒவ்வொன்றும் ஒரு சின்ன மேடு. ஓட்டம் அங்கேயே கலங்கிவிடுகிறது. பாதி வழியில் கொந்தளிக்க வேண்டியது தொடக்கத்திலேயே கொந்தளித்து, ஏற்றத்தின் அடிவாரத்துக்குத் தடித்துச் சோர்ந்து வருகிறது. பின்விளிம்பில், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் மடிப்பு இருக்கும் பகுதியில் பிரிகிறது. முன்சிறகின் தூக்குவிசை குறைகிறது, மூக்கு தாழ்கிறது. பெரிய இறக்கையும்தான் நனைகிறது. ஆனால் அதன் வடிவம் வேறு, அகலமும் அதிகம். அதனால் அதற்கு இவ்வளவு பாதிப்பு இல்லை. முன்னால் உள்ள விசை மட்டும் குறைவதால்தான் தராசு சாய்கிறது.

ஒரு விமானம் தாழ்வதும் இன்னொன்று தாழாமலிருப்பதும் இப்போது புரியும். சூடான கம்பியை இழுத்தவரின் கை ஒரு நொடி தயங்கினால் ஃபோமில் ஒரு பள்ளம் விழும். அதை நிரப்பித் தேய்க்கும்போது வளைவு கொஞ்சம் மாறும். வரைபடம் ஒன்றுதான், பறக்கும் இறக்கைகள் ஒவ்வொன்றும் வேறு. வரைபடத்தோடு ஒப்பிடாமல் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நாசாவின் லாங்லி மையம் முழு அளவு வேரி-ஈஸி ஒன்றைத் தன் பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தது. முன்சிறகின் முன்விளிம்பை வேண்டுமென்றே சொரசொரப்பாக்கிப் பார்த்தபோது, மழையே இல்லாமல் தூக்குவிசை குறைந்தது. எடை இல்லை, நீரும் இல்லை, கலங்கிய ஓட்டம் மட்டுமே போதும். அதே காலத்தில் அவர்கள் செய்த இன்னொரு சோதனை மிக அழகானது. அந்துருண்டையைப் போல நேராக ஆவியாகிவிடும் ஒரு வேதிப்பொருளை இறக்கையில் வெள்ளையாகப் பூசிவிட்டுப் பறந்தார்கள். கொந்தளிப்பான இடத்தில் அது விரைவில் மறைந்துவிடும், அடுக்கோட்டம் உள்ள இடத்தில் அப்படியே நிற்கும். தரையிறங்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத காற்றோட்டம் எங்கே கொந்தளிப்பாக மாறியது என்பது இறக்கையின் மேல் கோடு போட்டதுபோலத் தெரியும். முன்விளிம்பில் ஒரு பூச்சி மோதி ஒட்டியிருந்தால், அதன் பின்னால் ஆப்பு வடிவத்தில் ஒரு பகுதி மட்டும் வெளுத்திருக்காது.

அதனால்தான் இந்த விமானங்களை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பறத்தலுக்கும் முன்பு ஈரத்துணியால் முன்சிறகைத் துடைக்கிறார்கள். அழகுக்காக அதன் குறுக்கே நிறப் பட்டை அடிக்கக்கூடாது. பெயிண்டின் விளிம்பே ஓட்டத்தைக் கலைத்துவிடும். மற்ற இடங்களிலும் வெள்ளை நிறம்தான். அடர்நிறம் வெயிலில் சூடேறினால் எபாக்ஸி இளகி வலிமை இழக்கும். அப்புறம், நாணயத்தால் பரப்பெங்கும் தட்டிப் பார்ப்பார்கள். ஃபைபர் கிளாஸ் ஃபோமிலிருந்து விலகியிருந்தால் கணீரென்ற ஓசை மாறி மந்தமாகக் கேட்கும். பராமரிப்பு என்றாலே இன்ஜின் ஆயில் மாற்றுவது என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டுக்கும் இதோடு ஓர் உறவு உண்டு. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் லாங்-ஈஸி அடிப்படையில் ஓர் ஆய்வு விமானத்தைக் கட்டி 1987ல் பறக்கவிட்டது. 1993ல் அதே ஆய்வகத்தின் ஹன்சா, முழுக்க ஃபைபர் கிளாஸ் போன்ற கூட்டுப்பொருளால் ஆன இரு இருக்கை விமானம், பறந்தது. அப்படித்தான் ஆய்வு வளர வேண்டும் என்பது என் கருத்து. ஒரு சிறிய, மலிவான விமானம் கைப்பழக்கத்தைக் கொடுக்கிறது. ஆனால் நம் வானூர்திப் பொறியியல் மாணவர்களில் பெரும்பாலானோர் நான்கு ஆண்டும் திரையில் இறக்கை வரைந்துவிட்டு வெளியேறுகிறார்கள். பெரிய திட்டங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளி, கல்லூரிகளுக்கு ஃபோமும் எபாக்ஸியும் ஒரு சிறு காற்றுச் சுரங்கமும் வாங்கித் தரப் போதும். தனியாகக் கட்டுபவர்களுக்கான வழியையும் எளிதாக்க வேண்டும். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி வீட்டு மொட்டை மாடியிலேயே விமானம் கட்டினார். அதைப் பதிவு செய்ய அவர் பட்ட பாடு செய்தித்தாள்களில் வந்தது.

மழைக்கு மருந்து என்ன ஆனது என்று சொல்லவில்லையே. ஜான் ரான்ஸ் என்ற காற்றியக்க வல்லுநர் அதே இடத்தில் பொருந்தும் புதிய வடிவம் ஒன்றை வரைந்தார். பின்பாதியின் ஏற்றம் இதில் மென்மையானது. படலம் தொடக்கத்திலேயே கலங்கித் தடித்து வந்தாலும் பிரியாமல் பின்விளிம்பு வரை போய்விடும். உலர்ந்த நாளிலும் நனைந்த நாளிலும் ஏறக்குறைய ஒரே தூக்குவிசை. ரான்ஸ்தான் வாயேஜர் விமானத்தின் இறக்கை வடிவங்களையும் வரைந்தவர். 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றி வந்த விமானம் அது.

புதிய முன்சிறகில் ஒரு நுட்பமான ஆபத்து இருந்தது. முன்சிறகு முதலில் ஸ்டால் ஆவதுதானே இந்த விமானத்தின் பாதுகாப்பு? அதன் தூக்கும் திறன் கூடிவிட்டால் மூக்கு இன்னும் மேலே எழும், பெரிய இறக்கை தன் எல்லைக் கோணத்தை நெருங்கிவிடும். பின்னால் உள்ள பெரிய இறக்கை ஸ்டால் ஆனால் மூக்கைத் தாழ்த்த வழியே இருக்காது. விமானம் மட்டமாக அப்படியே கீழே இறங்கும். ஈர்ப்பு மையம் பின்னால் தள்ளியிருந்தால் இது இன்னும் எளிதாக நடக்கும். அதனால் ரான்ஸின் முன்சிறகைப் பழையதைவிட நீளம் குறைத்தே பொருத்தினார்கள். இதே குடும்பத்தில் வந்த நான்கு இருக்கை விமானமான கோஸி மார்க் 4ல், சோதனைப் பறத்தல்களுக்குப் பிறகு முன்சிறகின் நுனிகளை மேலும் சில அங்குலம் வெட்டினார்கள். இன்றும் அதைக் கட்டுபவர்கள் முதல் பறத்தலுக்குப் பிறகு, போதிய உயரத்தில், ஈர்ப்பு மையத்தைச் சிறிது சிறிதாகப் பின்னால் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் குச்சியை முழுக்க இழுத்து, மூக்கு தானாகத் தாழ்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் பக்கத்து இருக்கையில் ஆளை ஏற்றுகிறார்கள்.